தன் குரல் தன் செவிக்கு: பழைய மேடை மானிட்டர்களைத் தேர்ந்து பயன்படுத்தும் முறை

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கலைக்குழுப் பயிற்சி அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் எண்ணக்கூடும். இரவுப் பாடசாலைக்கும் உதவித்தொகைக்கும் உரிய இடம் இதற்கும் உண்டோ என்று கேட்பது நியாயமே. உண்டு என்பதே நமது விடை. ஏட்டில் உள்ளதைப் படிப்பது மட்டும் கல்வியன்று. விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்காமல், தன் கையால் தொட்டு, தன் கருவியால் அளந்து, தன் செவியால் கேட்டு முடிவு செய்வதும் கல்வியே. பணம் குறைவாக உள்ளவனுக்கு அறிவு இரு மடங்கு தேவை. ஏமாந்தால் மறுமுறை வாங்க அவனிடம் பணம் இருப்பதில்லை.

பறை நம் முன்னோர் கையில் தெருவில் ஒலித்த காலத்தில் அதற்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. தீயில் காய்ச்சிய தோல் அடுத்த ஊருக்கும் கேட்கும். ஆனால் இழவு வீட்டிலும் ஊர்வலத்திலும் அதை அடிக்கச் சொன்னவர்கள் அதனை இசையாகக் கேட்கவில்லை. ஏவிய வேலையாகவே கருதினார்கள். அந்த வேலையை மறுத்துப் பறையைக் கீழே வைத்தவர்களும் நம்மவர்; பின்னர் அதையே விடுதலைக் கலையாக மேடையேற்றியவர்களும் நம்மவர். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தம் தோளில் ஏற்றினர். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப்பையும் பறையையும் கிதாரையும் ஒரே மேடையில் சேர்த்து இசைத்தது. 2025-ஆம் ஆண்டில் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தெருவிலிருந்து மேடைக்கு வந்த பயணம் இது. மேடைக்கு வந்தபின் மேடையின் கருவிகளையும் நாம் அறிந்தாக வேண்டும்.

மேடையில் நிகழ்வது என்ன? வாடகைக்கு வந்த மைக் செட்டின் பெரிய பெட்டிகள் மக்களை நோக்கி நிற்கின்றன. பாடுகிறவர் அவற்றின் பின்னால் நிற்கிறார். பக்கத்தில் நான்கு பறை, ஒரு தவில், ஓர் உறுமி. தன் குரல் தனக்கே கேட்பதில்லை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்லும். எதிரே 35 மீட்டர் தொலைவில் ஒரு கட்டடச் சுவர் இருந்தால், அவர் பாடிய சொல் அதில் பட்டுத் திரும்ப ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகும். அந்தப் பிந்திய ஒலியைக் கேட்டுப் பாடினால் தாளம் பின்னுக்கு இழுபடும். கேட்கவில்லையே என்று குரலை உயர்த்தினால் மூன்றாம் பாட்டில் தொண்டை கட்டும். மக்கள் இதையெல்லாம் அறியார். 'பையன்களுக்குச் சுருதி இல்லை, தாளம் நிற்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. 1965 ஆகஸ்டு 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினர். உலகப் புகழ் பெற்ற அவர்களாலேயே கூட்டத்தின் கூச்சலில் தம் குரலைக் கேட்க முடியவில்லை. பாடுகிறவரை நோக்கித் திருப்பிய பெட்டி அந்த மேடையில் இல்லை. பின்வந்த ஆண்டுகளில் அத்தகைய பெட்டி மேடைதோறும் வழக்கத்திற்கு வந்தது. அதுவே மேடை மானிட்டர்.

இதனைப் புதிதாக வாங்க நம் குழுக்களால் இயலாது. ஆனால் பெரிய இசைக்குழுக்கள் பலவும் காதுக்குள் பொருத்தும் சிறு மானிட்டர்களுக்கு மாறிவருகின்றன. மைக் செட் வைத்திருப்போர் புதிய பெட்டிகளுக்கு மாறும்போதும், தொழிலை விடும்போதும் பழையவற்றை விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளிலும் கைமாறிய பொருள்கள் கிடைக்கும். எனவே நல்ல பழைய பெட்டியை அடையாளம் காண்பதே நமது முதற்பாடம்.

அடையாளம் காணுதல்

மானிட்டர் என்ற சொல்லே குழப்பம் தருவது. ஒலிப்பதிவுக் கூடத்தில் மேசைமேல் வைக்கும் சிறு பெட்டியும் மானிட்டரே. அது மேடைக்கு உதவாது. மேடை மானிட்டர் தரையில் கிடப்பது. அதன் அடிப்பக்கம் தட்டையாகவும், முகம் சாய்ந்து மேல்நோக்கியும் இருக்கும். பக்கவாட்டில் நோக்கினால் ஆப்பு வடிவம் தெரியும். சில பெட்டிகளின் பக்கப் பலகை இருவிதமாகச் சாய்க்கத் தக்கவாறு வெட்டப்பட்டிருக்கும். கம்பத்தில் நிறுத்தவும் தரையில் சாய்க்கவும் அவை பயன்படும். முகத்தில் 12 அல்லது 15 அங்குலக் கோன் ஒன்றும், உயர் ஒலிக்கு ஒரு ஹார்னும் இருக்கும். சிலவற்றில் ஹார்ன் கோனின் நடுவிலேயே அமைந்திருக்கும். அதை ஹார்ன் இல்லாத பெட்டி என்று தள்ளிவிடலாகாது. பாட்டுக்கு மட்டுமெனில் 12 அங்குலமே போதும். தூக்கிச் செல்லவும் எளிது.

அடுத்து, ஆம்ப்ளிபயர் உள்ளே உள்ள பெட்டியா, வெளியே தனியாக வேண்டிய பெட்டியா என்று பார்க்க வேண்டும். பின்புறம் மின்சார இணைப்பும் ஒலிக் குமிழ்களும் இருந்தால் ஆம்ப்ளிபயர் உள்ளேயே உள்ளது. அது வெளிநாட்டிலிருந்து வந்ததாயின் எத்தனை வோல்ட் என்பதைப் படித்துவிட்டே செருக வேண்டும். 115 வோல்ட் நிலையில் உள்ள பெட்டியை நமது 230 வோல்ட்டில் செருகினால் நொடியில் கருகும். ஸ்பீக்கான் என்னும் வட்டத் திருகு இணைப்போ, பழைய கால் அங்குல ஜாக்கோ மட்டும் இருந்தால் தனி ஆம்ப்ளிபயர் தேவை.

பெயர்ப்பலகையை மட்டும் நம்பலாகாது. பெயர்த் தகட்டை ஒட்டுவது எளிது; உள்ளே உள்ள காந்தத்தையும் கோனையும் போலி செய்வது அவ்வளவு எளிதன்று. பெட்டி ஒட்டுப்பலகையால் ஆனதா, மரத்தூள் அட்டையால் ஆனதா என்று இணைப்புத் துளையின் விளிம்பில் பார்த்தால் தெரியும். மரத்தூள் அட்டை ஒருமுறை மழையில் நனைந்தாலே ஊதிப் பிளந்துவிடும்.

'2000 வாட்' என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டா. தொடர்ந்து தாங்கும் வாட் ஒன்று. இசைக்குரியதென அதன் இரு மடங்காகக் குறிப்பது மற்றொன்று. கண நேர உச்சமென நான்கு மடங்காகக் குறிப்பது வேறொன்று. உச்சம் 2000 என்றால் தொடர்ந்து தாங்குவது 500 தான். வாட்டைவிட முக்கியமானது, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் ஒலி தரும் என்ற எண். 97 டெசிபல் தரும் பெட்டியைவிட 100 டெசிபல் தரும் பெட்டி மேலானது. அந்த 3 டெசிபலை ஈடுகட்ட இரு மடங்கு ஆம்ப்ளிபயர் வேண்டும்.

சோதித்தல்

பெட்டி வாங்கச் செல்வோர் ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச் விளக்கு, ஒரு திருப்புளி, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, பாட்டு ஏற்றிய கைப்பேசி ஒன்று, நம் மைக் ஒன்று ஆகியவற்றுடன் செல்ல வேண்டும். சோதிக்க விடாதவரிடம் வாங்க வேண்டா.

முதலில் கண்ணால் பாருங்கள். கோனின் விளிம்பு மடிப்புத் துணியால் ஆனதாயின் நெடுநாள் உழைக்கும். நுரையால் ஆனதாயின் வெப்பத்திலும் காலத்தாலும் பொடிந்துபோகும்; விரலால் மெல்ல அழுத்தினாலே தெரிந்துவிடும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் பெட்டி பலமுறை திறக்கப்பட்டது என்று பொருள். அது குற்றமன்று, என்ன மாற்றினீர்கள் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, இரு கை விரல்களையும் கோனின் நடுவட்டத்தைச் சுற்றிச் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். ஓசையின்றிப் போய் வந்தால் நன்று. மணல் தேய்வது போன்ற உரசல் கேட்டால் காயில் கருகியிருக்கலாம், அல்லது கீழே விழுந்து காந்தம் நகர்ந்திருக்கலாம்.

மூன்றாவது, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இணைப்பில் தொடுங்கள். 8 ஓம் பெட்டி ஏறத்தாழ 5.5 முதல் 7 வரை காட்டும். 8 காட்டவில்லையே என்று ஐயுற வேண்டா. மீட்டர் அளப்பது கம்பியின் தடையை மட்டுமே. 3 அல்லது 3.5 காட்டினால் அது 4 ஓம் பெட்டி. எதுவும் காட்டாவிடில் காயில் அறுந்தது அல்லது உள் இணைப்பு விட்டது. ஆனால் இந்தச் சோதனை பெரும்பாலும் கோனுக்கு மட்டுமே. ஹார்னுக்கு முன்னால் கண்டென்சர் இருப்பதால் அதன் நிலை மீட்டரில் தெரியாது.

நான்காவது, பேட்டரியின் நேர்முனையைப் பெட்டி இணைப்பின் நேர்முனையிலும், எதிர்முனையை எதிர்முனையிலும் கணநேரம் தொடுங்கள். கோன் வெளியே துள்ள வேண்டும். ஒரு பெட்டியில் வெளியேயும் மற்றதில் உள்ளேயும் சென்றால் ஒன்றில் கம்பி மாறியிருக்கிறது. அப்படியே அருகருகே வைத்தால் ஒன்றின் ஒலியை மற்றது தின்றுவிடும். கம்பியை மாற்றினால் சரியாகும். ஹார்னைக் கழற்றி நேரடியாகப் பேட்டரியைத் தொடுவது கூடாது; அதன் தகடு மெல்லியது.

ஐந்தாவதே முடிவான சோதனை: செவி. கைப்பேசியிலிருந்து தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை மெல்ல ஏறும் தனிச்சுரத்தை ஒலிக்கவிட்டு, எங்கேனும் கரகரப்போ அதிர்வோ உண்டா என்று கேளுங்கள். பின்னர் மைக்கில் பேசுங்கள். 'ச', 'ட', 'த' என்னும் ஒலிகள் தெளிவாக வர வேண்டும். அவை மங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தால் ஹார்ன் செத்துவிட்டது. பழைய பெட்டிகளில் மிகுதியாகக் காணும் குறை இதுவே. ஹார்ன் இல்லாத மானிட்டரில் பாடகருக்குச் சொல் விளங்காது. இன்னும் கூட்டு என்பார். கூட்டினால் மைக் கூவும்.

குறை இருந்தால் உடனே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. கோன் மாற்றுவதற்கும் ஹார்ன் தகடு மாற்றுவதற்கும் என்ன செலவாகும் என்பதை நம் ஊர் மெக்கானிக்கிடம் முன்பே கேட்டறிந்து, விலையில் கழித்துப் பேசலாம். பெட்டியும் காந்தமும் நல்லவையாயின் மற்றவை சரிசெய்யத் தக்கவையே.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். விற்பவர் பெயரும் முகவரியும், பெட்டியின் வரிசை எண்ணும், விலையும், தேதியும் எழுதிக் கையொப்பமிட்ட சீட்டின்றி எதையும் வாங்கலாகாது. திருட்டுப் பொருளென்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். சந்தேகம் என்ற சொல் யார்மீது முதலில் வந்து விழும் என்பதை நம் இளைஞர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சீட்டு பெட்டிக்கு மட்டுமன்று, உங்கள் மானத்துக்கும் காவல்.

மேடையில் பயன்படுத்துதல்

தனி ஆம்ப்ளிபயர் வேண்டிய பெட்டிகளாயின், இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகும்; நான்கு சேர்த்தால் 2 ஓம். ஆம்ப்ளிபயரின் பின்புறத்தில் குறித்துள்ள குறைந்த அளவுக்குக் கீழே செல்லலாகாது. சிவப்பு விளக்கு தொடர்ந்து எரியுமாறு ஓட்டினால் முதலில் கருகுவது ஹார்னே. பெட்டிக்குச் செல்லும் வயர் தடித்த இரட்டைக் கம்பியாக இருத்தல் வேண்டும். கிதார் வயரை அதற்குப் பயன்படுத்தலாகாது.

மிக்சரில் ஆக்ஸ் அல்லது மானிட்டர் என்ற குமிழ்வழியே மானிட்டருக்கு ஒலி அனுப்ப வேண்டும். மக்களுக்குச் செல்லும் ஒலியைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாத வகையில், பேடருக்கு முன்னிருந்து எடுப்பதே முறை. இல்லையேல் மைக் செட்காரர் வெளி ஒலியைத் தொடும்போதெல்லாம் பாடகர் செவியில் ஒலி ஏறி இறங்கும்.

பெட்டியை வைக்கும் இடம் மைக்கின் தன்மையைப் பொறுத்தது. 1966-இல் வெளிவந்து இன்றும் மேடைதோறும் காணப்படும் ஷூர் எஸ்.எம்.58 போன்ற மைக்குகள் முன்பக்க ஒலியை நன்கு ஏற்கும். நேர் பின்பக்க ஒலியை மிகக் குறைவாக ஏற்கும். ஆகவே மைக்கின் வால் நோக்கும் திசையில், பாடகருக்கு நேர் எதிரே மானிட்டரை வைக்க வேண்டும். இன்னும் குறுகிய ஏற்புடைய மைக்குகள் சில உண்டு. அவற்றுக்குச் செவிடான திசை நேர் பின்னால் அன்று. பின்பக்கம் இருபுறமும் சற்று விலகி, முன்முகத்திலிருந்து ஏறத்தாழ 120 பாகையில் உள்ளது. அவற்றுக்குப் பெட்டியை ஓரமாக நகர்த்த வேண்டும். பெட்டியின் முகம் பாடகரின் செவியை நோக்க வேண்டும். முழங்காலுக்குப் பாடி என்ன பயன்?

மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கத்தை நம் இளைஞர்கள் விட்டுவிட வேண்டும். பொத்தினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும், உடனே கூவும். உதட்டுக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். குமிழைத் திருகுவதற்கு முன் அருகில் வருவதே அறிவுடைமை. பாடாத மைக்குகளை மூடிவைக்க வேண்டும். திறந்த மைக்குகள் இரு மடங்கானால் கூவாமல் ஏற்றத்தக்க அளவு 3 டெசிபல் குறையும்.

நிகழ்ச்சிக்கு முன் மானிட்டர் ஒலியை மெல்ல உயர்த்துங்கள். மைக் கூவத் தொடங்கும் சுரத்தை ஈக்குவலைசரில் கண்டுபிடித்து 3 டெசிபல் குறையுங்கள். பின்னர் மீண்டும் உயர்த்துங்கள். இவ்வாறு இரண்டு மூன்று இடங்களைத் தணித்தபின், கூவும் நிலைக்கு 6 டெசிபல் கீழே நிறுத்துங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட முழக்கத்தை மானிட்டரிலிருந்து நீக்கிவிடுங்கள். பறையையும் தவிலையும் மானிட்டரில் சேர்க்க வேண்டா. அவை தாமே கேட்கும். குரலும், சுருதி தரும் கீபோர்டும் மட்டும் போதும்.

அபாயங்கள்

மைக்கை உதட்டருகே பிடித்துப் பாடுகிறவர் உடலோடு மின்கருவி சேர்ந்திருக்கிறது. இரைச்சல் வருகிறதென்று மூன்று கால் பிளக்கின் எர்த் காலை முறிப்பது உயிருக்கு உலை வைப்பதாகும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. ஒன்றை மேடை இணைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பகுதிக்கென்று தனி எச்சரிக்கையும் உண்டு. பட்டாசோ, திரியோ, மருந்தோ வைத்த அறையிலும் அதனருகிலும் இப்பெட்டிகளை வைப்பதும் சோதிப்பதும் கூடாது. ஒரு பொறி என்ன செய்யும் என்பதைச் சிவகாசி வட்டாரத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து வருவோர் குளித்து உடை மாற்றிய பின்னரே ஒத்திகைக்கு வரட்டும்.

செவியையும் காக்க வேண்டும். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது ஆய்வாளர் வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபலில் 1 மணி, 100 டெசிபலில் 15 நிமிடம். பறைக்கு அருகே நிற்போர் செவியில் அந்த 100 எளிதில் எட்டக்கூடியது. போன செவி திரும்பாது. காதடைப்பான் அணிவது கோழைத்தனம் அன்று. மானிட்டரும் உரக்க முழங்குவதற்காக வந்ததன்று. தெளிவாகக் கேட்பதற்காக வந்தது.

சட்டமும் அறிந்திருப்போம். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து வடிவ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல், விழா நாள்களில் நள்ளிரவு 12 வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. பக்கத்துத் தெருவில் விடியவிடிய ஒலிக்கும். நம் தெருவில் மட்டும் பத்தாகும் முன்பே வண்டி வந்து நிற்கும் என்ற மனக்குறை நம்மிடம் உண்டு. அனுமதிக் கடிதம் சட்டைப்பையில் இருப்பவன் நிமிர்ந்து பேசலாம். விதியை நாம் காத்தால்தான் எல்லோர்க்கும் ஒரே விதி என்று கேட்கும் உரிமை நமக்கு நிலைக்கும்.

இளைஞர்களே, தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடிக்கிடக்கும். போனஸ் பணமும் கையில் இருக்கும். ஐப்பசியில் ஒவ்வொருவரும் சிறு தொகை ஒதுக்கிச் சேர்த்தால், கார்த்திகை மார்கழியில் தேடிச் சோதித்து வாங்கலாம். தையில் பழுது பார்க்கலாம். மாசியிலும் பங்குனியிலும் ஒத்திகை பார்த்து, ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளில் நம் சொந்த மானிட்டரோடு மேடையேறலாம். பெட்டியைத் தனி ஒருவர் வீட்டில் வைக்காமல் குழுவின் பெயரில் பதிவேட்டில் எழுதி, எடுத்தவர், திருப்பியவர், பழுது, செலவு ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். பத்தாம் வகுப்பு இயற்பியல் படித்த தங்கையோ தம்பியோ மல்டிமீட்டரைப் பிடிக்கட்டும். பாடப் புத்தகத்தில் படித்த ஓம் விதி நம் தெருவிலேயே வேலை செய்வதை அவர்கள் காணட்டும்.

நெடுங்காலம் நம் குரலைப் பிறர் கேட்க மறுத்தார்கள். இன்று கேட்க ஆயிரம் பேர் வந்து அமர்கிறார்கள். அவர்கள் முன்னே நிற்கும் நம் பிள்ளை தன் குரலைத் தானே தெளிவாகக் கேட்டுப் பாட வேண்டும். தன் சுருதியைத் தான் அறிந்தவனைப் பிறர் இரைச்சல் தடுமாறச் செய்யாது. அதற்கான அறிவும் கருவியும் நம் கைக்கு எட்டாதவை அல்ல என்பதை எடுத்துச் சொல்லவே இவ்வளவு நேரம் பேசினோம்.